ஹாட் சீட்டுக்கு முன்னால் எத்தனை வாசல்!

ஒரு கோடி ரூபாய்க் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சோபாவில் சாய்ந்தபடியே, நான்கு விடைகளும் திரையில் வருவதற்கு முன்பே சரியான பதிலைச் சொல்லிவிடும் அப்பாக்கள் உண்டு. அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. "நீங்க போயிருந்தா இந்நேரம் ஜெயிச்சிருப்பீங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்ல, அவரும் ஒரு நிமிஷம் அதை நம்பிவிட்டு நியூஸ் சேனலுக்குத் தாவிவிடுவார். விடை தெரிந்த அவருக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்று யாரும் உட்கார்ந்து எடுத்துச் சொன்னதில்லை. பெங்களூரிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் வினாடி வினாவைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஊர்களில் இது முன்வரிசை ஊர். இந்தி, கன்னடம், தமிழ் என்று மூன்று மொழி நிகழ்ச்சிகளுக்கும் முயன்று பார்க்கக்கூடிய ஆட்கள் ஒரே தெருவில் வாழும் ஊரும்கூட.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 'கௌன் பனேகா குரோர்பதி' 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் தொடங்கியது. அமிதாப் பச்சன் தொகுத்தார், சித்தார்த்த பாசுவின் நிறுவனம் தயாரித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 27 வயது மும்பை இளைஞர் ஹர்ஷ்வர்தன் நவாதே ஒரு கோடி ஜெயித்தபோது தேசமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சீசனுக்கும் விண்ணப்பிப்பவர்கள் லட்சக்கணக்கில்.

நுழையும் முறை இப்படித்தான்: சீசனுக்கு முன்னால் சில நாட்களுக்குத் தினமும் இரவு ஒரு பதிவுக் கேள்வி. எஸ்.எம்.எஸ். வழியாகவோ செயலி வழியாகவோ பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர்களிலிருந்து கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி சிலரைத் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்குப் போன் வரும், பதிவு செய்த குரல் கேட்கும் பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால் ஆடிஷன். அங்கே மறுபடியும் ஒரு பொது அறிவுத் தேர்வு, பிறகு கேமரா முன்னால் நேர்காணல். அதையும் தாண்டியவர்கள் மும்பைக்குப் போவார்கள். போயும் நாற்காலி உறுதியில்லை. 'ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர்' சுற்றில் மற்றவர்களை முந்த வேண்டும். விடையைச் சரியாகச் சொல்லியும் வேகத்தில் பின்தங்கி, அமிதாப்பின் எதிரே உட்காராமலே ஊர் திரும்புபவர்கள் உண்டு.

இந்த வாசல்களில் முதல் வாசலைக் கவனியுங்கள். பதிவுக் கேள்வி எளிதாக இருக்கும். லட்சம் பேருக்குத் தெரிந்த விடையைக் கேட்டால், லட்சம் பேரும் சரியாகச் சொன்னால், அப்புறம் தேர்ந்தெடுப்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் வழி வேறு. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இணையத் தேர்வு எழுதலாம். 50 கேள்விகள், கேள்விக்கு 15 நொடி, நான்கு விடைகளும் தரமாட்டார்கள். அறிவுதான் அங்கே முதல் சல்லடை. நம் ஊரில் அதிர்ஷ்டம் முதலில், அறிவு பிறகு, மூன்றாவதாக நேர்காணலில் சொல்லும் சொந்தக் கதை. இதைப் புரிந்துகொண்டவர்கள் குலுக்கலில் பெயர் வராததற்காகத் தங்களைத் தாங்களே நொந்துகொள்ள மாட்டார்கள். பல வருஷம் முயன்றும் போன் வராத ஒருவருக்கு அறிவு குறைவு என்று அர்த்தமே இல்லை.

இந்த அமைப்பு இப்படி உருவானதற்குப் பணமும் ஒரு காரணம். 1998 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கிய, குரோர்பதியின் மூல நிகழ்ச்சியில், கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் கூடுதல் கட்டணத் தொலைபேசி எண்ணுக்கு அழைக்க வேண்டும். பரிசுத் தொகைக்கு அந்த அழைப்புகளின் வருமானம் பெரிய ஆதாரமாக இருந்தது. நம் நாட்டில் 2007-ல், ஷாருக் கான் தொகுத்த சீசனில், வீட்டிலிருப்பவர்களுக்காக 'ஹர் சீட் ஹாட் சீட்' என்று எஸ்.எம்.எஸ். போட்டி ஒன்று நடந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. பரிசுப் பணமே நேயர்களின் எஸ்.எம்.எஸ். கட்டணத்திலிருந்துதான் வருகிறது என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சேனலுக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி விஷயம் அதோடு முடிந்தது. ஆனால், பதிவுக் கேள்வி ஏன் எளிதாக இருக்கிறது என்று யோசிக்கிற எவரும் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கேமரா கேட்கும் கேள்வி

ஆடிஷனில் எழுத்துத் தேர்வு முடிந்ததும் கேட்கப்படுவதற்குப் பாடப் புத்தகத்தில் பதில் கிடையாது. நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், ஜெயித்தால் பணத்தை என்ன செய்வீர்கள்? தயாரிப்பாளர்கள் தேடுவது ஒரு மணி நேரம் பார்வையாளரைப் பிடித்து உட்காரவைக்கும் ஆளை. அது அவர்கள் தொழில், தப்பில்லை. 2011-ல் ஐந்து கோடி ஜெயித்த பீகார் மோதிஹாரியின் சுஷில் குமாரைத் தேசம் ஏன் நினைவில் வைத்திருக்கிறது? அவருக்குத் தெரிந்த விடைகளுக்காக மட்டும் இல்லை. மாதம் 6,000 ரூபாய் சம்பளத்தில் ஊரக வேலைத் திட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர் என்பதற்காகத்தான்.

கேமராவுக்குப் பிடித்த முகம் என்கிற விஷயம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1950-களின் அமெரிக்காவே சாட்சி. 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் ஜெயித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பலை 1956 டிசம்பரில் வேண்டுமென்றே தோற்கச் சொன்னார்கள் தயாரிப்பாளர்கள். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்பது கேள்வி. 'மார்ட்டி' என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தவறான பெயரைச் சொல்லவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்த அழகான கல்லூரி ஆசிரியர் சார்லஸ் வான் டோரனுக்கு முன்கூட்டியே விடைகள் தரப்பட்டன. 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே போட்டியாளருக்கு முன்கூட்டியே விடை தருவது சட்டப்படிக் குற்றமானது. இன்றைய நிகழ்ச்சிகள் அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தவை. கேள்விகளைக் காப்பதில் கட்டுப்பாடுகள் கடுமையானவை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் முகத்துக்கும் கதைக்கும் இருக்கும் எடை குறையவே இல்லை.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். படித்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் தன்னைப் பற்றித் தானே பேசுவது அடக்கமின்மை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேர்காணலில் வேலை, ஊர், படிப்பு என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் அதற்கு நேரெதிராக, வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் கொட்டி அழுதால்தான் எடுப்பார்கள் என்று நம்பி, அம்மாவின் நோயையும் அப்பாவின் கடனையும் முன்னால் வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். வறுமை ஒருவருடைய கௌரவத்துக்கு உரிய விஷயம், அதை ஆடிஷனில் விலைபேசத் தேவையில்லை. உங்களுக்கு எதன்மேல் பித்து இருக்கிறதோ அதைப் பேசுங்கள். பழைய ரயில் கால அட்டவணைகளைச் சேர்க்கிறவரா? கோவில் கோவிலாகப் போய்க் கல்வெட்டு படிக்கிறவரா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லித்தருகிறவரா? அதைச் சொல்லும்போது கண்ணில் தானாக வரும் வெளிச்சம்தான் கேமராவுக்கும் வேண்டும்.

குயின்ஸ் ரோட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூரில் இன்னொரு வழி இருக்கிறது. அதில் கேமராவும் கிடையாது, கோடியும் கிடையாது.

இந்தியாவின் முதல் முறையான பொது வினாடி வினா 1967-ல் கல்கத்தாவில், கிறைஸ்ட் தி கிங் தேவாலய மண்டபத்தில் நடந்தது. நடத்தியவர் நீல் ஓ பிரையன். அந்த வித்து பெங்களூரில் விழுந்து நன்றாக வேர்விட்டது. விமானப்படையில் விங் கமாண்டராக இருந்த ஜி.ஆர். முல்கியும் நண்பர்களும் சேர்ந்து 1983-ல் கர்நாடகா குயிஸ் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். குயின்ஸ் ரோட்டில் உள்ள வேளாண் தொழில்நுட்பவியலாளர் கழக அரங்கம் பல ஆண்டுகள் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை வீடாக இருந்தது. ஐ.டி. ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று எல்லா வயதினரும் அணி அணியாக வந்து உட்காருவார்கள்.

டி.வி. கேள்விக்கும் இந்த அரங்கத்துக் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு உதாரணத்தால் சொல்லிவிடலாம். கர்நாடகத்தில் தங்கச் சுரங்கம் இருந்த ஊர் எது என்று டி.வி. கேட்கும், கோலார் என்று சொல்லிவிடலாம். அரங்கத்தில் இப்படிக் கேட்பார்கள்: 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனார்கள், பெங்களூர் நகரத்துக்கே மின்சாரம் வந்தது 1905-ல்தான், நகரத்தை முந்திக்கொண்டு மின்சாரம் பெற்ற அந்த இடம் எது? விடை அதே கோலார் தங்க வயல்தான். ஆனால் மனப்பாடத்தால் இதற்குப் பதில் வராது. அந்தக் காலத்தில் அவ்வளவு மின்சாரம் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவு தூரம் கம்பி இழுக்கச் செலவழிக்க யாரிடம் பணம் இருந்திருக்கும் என்று யோசித்தால் சுரங்கம் கண்முன் வந்துவிடும். சுரங்கம் வந்தால், வட ஆற்காட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போன நம் மக்களும் கூடவே வருவார்கள். ஒரு கேள்விக்குள் ஒரு வட்டாரத்தின் சரித்திரமே இருக்கிறது. இந்த ருசி பிடித்துவிட்டவர்கள் பிறகு பரிசைப் பற்றி அதிகம் கேட்பதில்லை.

அதே சங்கம் 2005 முதல் 'மகாகுயிஸர்' என்ற தனிநபர் எழுத்துத் தேர்வை நடத்துகிறது. 150 கேள்விகள், 90 நிமிடம், பல நகரங்களில் ஒரே நேரத்தில். டி.வி. நிகழ்ச்சிக்குத் தயாராகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. உங்களுக்குச் சினிமாவும் கிரிக்கெட்டும் தெரியும், அறிவியலில் ஓட்டை இருக்கிறது, உலக வரைபடமே தெரியாது என்றெல்லாம் தாளே சொல்லிவிடும். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இங்கே வழி உண்டு: கர்நாடக அரசும் டி.சி.எஸ்.ஸும் 2000-லிருந்து நடத்தும் கிராமப்புற ஐ.டி. வினாடி வினா, பெருநகரத்துக்கு வெளியே படிக்கும் மாணவர்களுக்கென்றே வைத்திருப்பது.

அறிவுக்கான வினாடி வினாவும் தொலைக்காட்சியின் வினாடி வினாவும் பகையாளிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1985-ல் தூர்தர்ஷனில் 'குயிஸ் டைம்' நடத்தி ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்களை வினாடி வினாவுக்கு இழுத்தவர் சித்தார்த்த பாசு. பி.பி.சி. வேர்ல்டுக்காக, ஒற்றை நாற்காலியில் ஆளை உட்காரவைத்து அவர் தேர்ந்தெடுத்த துறையிலேயே சரமாரியாகக் கேள்வி கேட்ட 'மாஸ்டர்மைண்ட் இந்தியா'வை நடத்தியவரும் அவரே. குரோர்பதியைத் தயாரித்த கையும் அதுதான். அவருக்கு இரண்டு உலகமும் தெரிந்திருந்தது.

புத்தகம் பரிசாகும் நிகழ்ச்சி

பெங்களூர் தொலைக்காட்சியின் பெருமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், எந்தத் தயக்கமும் இல்லாமல் 'தட் அந்த ஹேளி'யைச் சொல்வேன். தூர்தர்ஷனின் சந்தனா சேனலில் 2002 ஜனவரி 4 அன்று தொடங்கிய கன்னட வினாடி வினா. நடத்துபவர் டாக்டர் நா. சோமேஸ்வர, மருத்துவர், எழுத்தாளர். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று போட்டியாளர்கள். கன்னட வசனப் பாடல்கள், புராணம், இலக்கியம், அறிவியல், நாட்டு நடப்பு என்று கேள்விகள் போகும். சரியான விடைக்குப் பரிசு, கன்னடப் புத்தகம். காசோலை கிடையாது, கார் கிடையாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைத் தாண்டி, லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தது.

இதில் கலந்துகொள்ள வருகிறவர்கள் எல்லாரும் ஆசிரியர்களோ புலவர்களோ அல்ல. இல்லத்தரசிகளும் மாணவர்களும் அரசு ஊழியர்களும் வருகிறார்கள். யாரும் தங்கள் கண்ணீரைக் கொண்டுவர வேண்டியதில்லை. சோமேஸ்வர அவசரமே படாமல், விடை தவறானால் சரியானதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுவார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஒன்று கற்ற நிறைவு வரும். கன்னடத்தைப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசும் பெங்களூர்ப் பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியால் கன்னட இலக்கியத்துக்குள் நுழைய முடியும். அதை அவர்களுடைய பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும் என்பது என் ஆசை.

குரோர்பதியின் கன்னட வடிவமும் இங்கே ஓடியது. 2012-ல் சுவர்ணா சேனலில் 'கன்னடத கோட்யதிபதி' தொடங்கியபோது தொகுத்தவர் புனித் ராஜ்குமார். சாமானியர்களை அவர் தன் எதிரே உட்காரவைத்துப் பேசிய விதத்தை, 2021 அக்டோபர் 29 அன்று அவர் மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தார்கள். 2018-ன் சீசனைத் தொகுத்த ரமேஷ் அரவிந்த் கும்பகோணத்தில் பிறந்தவர்.

தமிழில் இந்தப் பாதை 2000-ல் சன் டி.வி.யின் 'கோடீஸ்வரன்' நிகழ்ச்சியில், சரத்குமாரிடமிருந்து தொடங்கியது. 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வந்தது. அடுத்தடுத்த சீசன்களுக்கு பிரகாஷ்ராஜும் அரவிந்த் சாமியும் வந்தார்கள். 2019 இறுதியில் பெண்களுக்காகவே ராதிகா தொகுத்த 'கோடீஸ்வரி' கலர்ஸ் தமிழில் வந்தது. 2020 ஜனவரியில் அதில் ஒரு கோடி ஜெயித்தவர் மதுரையின் கௌசல்யா கார்த்திகா. பேசவும் கேட்கவும் இயலாதவர். தொலைக்காட்சி என்றால் சரளமாகப் பேசுகிறவர்களுக்கே என்று ஒதுங்கிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அவரைக் காட்ட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சோதனை வேறு மாதிரி. 2018-ன் குரோர்பதி சீசனை எடுத்துக்கொண்டால், ஐந்தாவது கேள்வியில் 10,000, பத்தாவதில் 3 லட்சத்து 20 ஆயிரம் கையில் உறுதி. அதற்குப் பிறகு தவறினால் 3.2 லட்சத்துக்கு இறங்கிவிடுவீர்கள். 50 லட்சத்தை எட்டிவிட்டீர்கள், எதிரே ஒரு கோடிக் கேள்வி, இரண்டு விடைகளில் ஒன்று சரி என்று தெரிகிறது. கணக்குப் போட்டால் ஆடுவதே கொஞ்சம் லாபம்: ஜெயித்தால் 50 லட்சம் கூடும், தோற்றால் 46.8 லட்சம் போகும். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மகளின் படிப்புக்குக் கடன் வாங்கியவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. முதல் 50 லட்சம் அவர் வாழ்க்கையையே மாற்றும், இரண்டாவது 50 லட்சம் அந்த அளவுக்கு மாற்றாது. இந்த முடிவை விளக்கொளியில் அமிதாப்பின் எதிரே உட்கார்ந்து எடுக்கக் கூடாது. வீட்டில், குடும்பத்தோடு பேசி, எந்தத் தொகையில் எழுந்துவிடுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். நான் இதை எல்லாப் பயிற்சிப் புத்தகங்களுக்கும் மேலே வைப்பேன்.

பணமும் முழுதாகக் கைக்கு வராது. பரிசுத் தொகைக்கு 30 சதவீத வரியை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். செஸ் தனி, தொகை பெரிதானால் சர்சார்ஜும் உண்டு. சம்பளத்துக்குக் கிடைக்கும் விலக்குகள் எதுவும் இதற்குக் கிடையாது. வந்த பணத்தைக் காப்பதும் பெரிய பாடு. சுஷில் குமார் 2020-ல், 2015-16 தன் வாழ்க்கையின் மிகக் கடினமான காலம் என்று வெளிப்படையாக எழுதினார். உதவி கேட்டு வந்தவர்கள் ஏமாற்றியதும், குடிப்பழக்கத்தில் விழுந்ததும், பிறகு மீண்டு ஆசிரியர் ஆனதும் அதில் இருக்கின்றன. இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குரோர்பதி லாட்டரியில் 25 லட்சம் விழுந்திருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி மோசடி. போலீஸ் பலமுறை எச்சரித்துவிட்டது. அந்த நிகழ்ச்சியில் லாட்டரியே கிடையாது, கலந்துகொள்ள யாருக்கும் பணம் கட்டவும் தேவையில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் மனசில் நிற்பது ஒரு கோரிக்கை. தமிழில் கோடிகளுக்கான நாற்காலியை இரண்டு தலைமுறை பார்த்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கன்னடத்தில் நிற்கும் 'தட் அந்த ஹேளி'க்கு ஈடாக ஒன்று நம்மிடம் வேண்டும். தூர்தர்ஷனின் பொதிகை 2024-ல் டி.டி. தமிழ் என்று புதுப் பெயரோடு வந்திருக்கிறது. அதிலேயே இதை நடத்தலாம்: அரை மணி நேரம், மூன்று போட்டியாளர்கள், பொறுமையுள்ள ஒரு வினா ஆசிரியர், பரிசாகத் தமிழ்ப் புத்தகங்கள். செலவு அதிகம் ஆகாது. பதிப்பாளர்களைக் கேட்டால் புத்தகம் தருவார்கள். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் போட்டியாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். வெளி மாநிலத் தமிழருக்கும் அதில் இடம் வேண்டும். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு வைக்கட்டும். ஸ்ரீராமபுரத்திலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் கோலார் தங்க வயலிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.